குடும்பத் தலைவர் என்றொரு கட்டம்

காத்தான்குடி
2006 பெப்ரவரி 9

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு எல்லோரும் சுகம். உம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

நீங்கள் சீடியில் அனுப்பிய புரோகிராம் என் மானத்தை வாங்கிவிட்டது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "என்ட தங்கச்சிக்கு ஜாவா தண்ணி பட்ட பாடு" என்று எங்கள் பொறுப்பதிகாரி மல்கம் சேரிடம் போனில் அளந்தது நீங்கள். கல்லடி வீடமைப்பு அலுவலகத்தில் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்து முழிப்பது நான்.

திங்கட்கிழமை மல்கம் சேர் என் கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, எக்லிப்ஸைத் திறந்து உங்கள் புரோஜெக்டை ஏற்றினேன். ஃபைலுக்கு ஃபைல் பிழை என்று சிவப்புப் புள்ளடி. ஓடவிட்டால் ஏதோ ஒரு கிளாஸைக் காணவில்லை என்கிறது. சுனாமியில் வீடிழந்த சனம் யன்னலுக்கு வெளியே வரிசையில் நின்று பார்க்கிறது. அவர்கள் நிரப்பித் தந்த விண்ணப்பப் பாரங்களை வாசித்து, யாருக்கு முதலில் வீடு என்று இந்தப் புரோகிராம்தான் பிரித்துத் தர வேண்டும். மல்கம் சேர் தொண்டையை மட்டும் செருமினார். அது ஏச்சை விட மோசம்.

போனில் கேட்கலாம்தான். ஆனால் கொமியூனிகேஷன் கடையில் நான் நின்று கத்த, சவூதிக்குப் பேசக் காத்திருக்கிற பொண்டுகள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். அலுவலக ஈமெயில் மல்கம் சேரின் மேசையில்தான் திறக்கும். ஆகவே கடிதம். கொழும்பு பஸ்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கைறுன்னிஸா மாமியின் பாரமும் என்னிடம் வந்துவிட்டது. பூநொச்சிமுனையில் அவவின் வளவில் அத்திவாரம் மட்டும்தான் மிச்சம். மாமியும் உங்களுக்குப் பேசிவைத்த மகள் ஸகியா மச்சியும் இன்னும் தகரக் கொட்டிலில்தான். அது உங்களுக்கும் தேவையான வீடு, ஞாபகம் இருக்கட்டும். உம்மா மகளுக்கு வீடு கொடுத்தால்தானே மாப்பிள்ளை வந்து இறங்கலாம்? வீடில்லாமல் உங்களை எங்கே கொண்டுபோய் இறக்குவது?

கெதியாகப் பதில் போடுங்கள்.

சுஹைனா


தெமட்டகொடை
2006 பெப்ரவரி 16

தங்கச்சி சுஹைனாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். என் கம்பியூட்டரில் நன்றாக ஓடுகிறது. சந்தேகமென்றால் வந்து பார்.

சரி, கோபிக்காதே. மூன்று இடத்தில் பார். ஒன்று, பாரங்கள் இருக்கிற இடத்தை நான் டி டிரைவில் என் பெயர் போட்ட ஃபோல்டர் என்று எழுதி வைத்திருக்கிறேன். உன் கம்பியூட்டரில் அப்படி ஒரு ஃபோல்டர் எப்படி இருக்கும்? அதை மாற்று. இரண்டு, சீடியில் லிப் என்றொரு ஃபோல்டர் கிடக்கும், அதற்குள் இருப்பதை பில்ட் பாத்தில் சேர்க்க வேண்டும். அந்தச் சிவப்புப் புள்ளடி எல்லாம் அதனால்தான். மூன்று, உங்கள் அலுவலகத்து ஜாவா பழையது, புதியதை இறக்கு. மூன்றும் என் பிழைதான். மல்கம் சேர் கேட்டால் கம்பியூட்டர் பழசு என்று சொல்லிவிடு.

இங்கே தலைமை அலுவலகத்தில் எல்லாரும் கம்பஸ் முடித்தவர்கள். டிப்ளோமாக்காரன் நான் ஒருவன்தான். ஒரு சந்தேகம் கேட்டால் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்ப்பார்கள், அதனால் நான் கேட்பதே இல்லை. கலியாணம் எப்போது, எங்கே குடியிருக்கப் போகிறாய் என்று மட்டும் என்னைக் கேட்பார்கள். எங்கள் ஊர் வழக்கமெல்லாம் இவர்களுக்குச் சொல்லி விளங்காது.

மாமிக்கும் மற்றவர்களுக்கும் ஸலாம் சொல். "மற்றவர்கள்" யாரென்று உனக்குத் தெரியும்.

நௌஷாட்


காத்தான்குடி
2006 மார்ச் 3

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். புள்ளடி எல்லாம் போய்விட்டது. புதிய ஜாவாவை இறக்க எங்கள் டயல்-அப் அரை நாள் எடுத்தது. முடியப்போகிற நேரம் யாரோ டெலிபோனைத் தூக்க, மறுபடி முதலில் இருந்து.

இப்போது ஓடுகிறது. ஓடி, நடுவில் நிற்கிறது. பாரங்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போய், சிவப்பில் ஏதோ எழுதிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. எந்தப் பாரத்தில் நின்றது என்றும் சொல்வதில்லை. திரையில் இருப்பதைப் பார்த்து எழுதுகிறேன்: நல் பொயின்டர் எக்ஸெப்ஷன், குடும்பம் என்ற ஃபைலில் 214ஆம் வரி. கீழே இன்னும் பத்து வரி இருக்கிறது. எல்லாம் இங்கிலீஷ். கை வலிக்கிறது, விட்டுவிட்டேன்.

மாத முடிவில் வீடு கட்டக் காசு தருகிற வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். அதற்குள் லிஸ்ட் சுவரில் இருக்க வேண்டுமாம். நேற்று மல்கம் சேர் மெதுவாகச் சொன்னார்: "தெரியாட்டி தெரியா எண்டு சொல்லு பிள்ளை. கொழும்பில இருந்து ஆளெடுப்பம்." நல்ல மனிதர், நல்லபடியாகத்தான் சொன்னார். நான் பின்னால் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், சத்தம் கேட்கக்கூடாதென்று.

உங்களுக்கு வெட்கம் ரோசம் இருந்தால் உடனே பதில் எழுதுங்கள்.

சுஹைனா


தெமட்டகொடை
2006 மார்ச் 9

தங்கச்சி,

அழுகிற அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. 214ஆம் வரிக்கு மேலே ட்ரை போடு. கீழே கேட்ச் போட்டு, அடைப்புக்குறியைத் திறந்து உடனே மூடிவிடு. உள்ளே ஒன்றும் எழுதாதே. பிழை வந்தால் அதற்குள் விழுந்து சத்தமில்லாமல் போய்விடும். புரோகிராம் நிற்காமல் அடுத்த பாரத்துக்குப் போகும்.

ஏன் வருகிறது என்று மண்டையை உடைக்காதே. யாராவது அரைகுறையாக நிரப்பிக் கொடுத்திருப்பார்கள். எங்கள் ஆட்களைத் தெரியாதா?

அவசரத்தில் எழுதுகிறேன், பஸ் வெளிக்கிடப் போகிறது.

நௌஷாட்


காத்தான்குடி
2006 ஏப்ரல் 4

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் வாய்க்குச் சீனி போட வேண்டும். ட்ரை, கேட்ச், வெறும் அடைப்புக்குறி. ஒரு சிவப்பெழுத்து இல்லாமல் கடைசிவரை ஓடியது. லிஸ்ட் அச்சாகி வருகிறபோது அந்தப் பிரின்டரின் சத்தம்கூட எனக்கு இனிமையாக இருந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் எனக்குக் கை கொடுக்க வந்தார், நான் நெஞ்சில் கையை வைத்துச் சமாளித்தேன். மல்கம் சேர் மறுநாள் அவரின் மனைவி வினிபிரட் அன்டி செய்த கேக் ஒரு பெட்டி கொண்டுவந்து தந்தார்.

ஒரு சின்ன விஷயம். மாமியின் பெயர் லிஸ்டில் இல்லை.

காலையிலேயே ஸகியா மச்சியோடு வந்து, சுவரில் விரலை வைத்து மேலிருந்து கீழாகத் தேடினா. பிறகு யன்னலுக்கு வந்து, "புள்ள, என்ட பேரக் காணல்லியே" என்றா. கம்பியூட்டர் பிழை விடாது என்றேன். "உன்ட கையிலதானேகா பாரம் தந்த நான்" என்றா. வரிசையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. சொந்தக்காரி என்று பின்வாசலால் வழி விடுகிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். "பாரத்த ஒழுங்கா நிரப்பாம வந்து இங்க சண்டை புடிக்க வேணாம் மாமி" என்று கொஞ்சம் பலமாகவே சொல்லிவிட்டேன். மாமி முந்தானையை இழுத்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போனா. ஸகியா மச்சி என்னைத் திரும்பிப் பார்த்தா.

அடுத்த லிஸ்டில் வரும்தானே? வேறென்ன, உம்மா உங்களுக்கு மாசித்தூள் அனுப்புகிறா.

சுஹைனா


காத்தான்குடி
2006 ஏப்ரல் 25

காக்கா,

நேற்று ஆரையம்பதியில் இருந்து ஆச்சிப்பிள்ளை என்று ஒரு அக்கா வந்தா. யன்னலடியில் குந்தி இருந்துகொண்டு, "நான் செத்தவள் இல்ல பிள்ளை. என்ட பேர் எங்க?" என்று கேட்டா. போகச் சொல்லியும் போகவில்லை. அலுமாரியைத் திறந்து அவவின் பாரத்தை எடுத்தேன், முகத்தில் எறிவதற்காகத்தான் எடுத்தேன். எல்லாம் ஒழுங்காக நிரப்பியிருந்தது. "குடும்பத் தலைவர்" என்ற கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

மாமியின் பாரத்தை எடுத்தேன். அதே கட்டம் வெறுமை.

கதவைச் சாத்திவிட்டு உங்கள் ட்ரையையும் கேட்சையும் அழித்தேன். 214ஆம் வரியை முதல்முதலாக வாசித்தேன். குடும்பத் தலைவரின் பெயரை எடுக்கிற வரி அது. இத்தனை நாளும் நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சிவப்பெழுத்து போய்விட்ட சந்தோஷத்தில் இருந்தேன். தலைவர் இல்லாத வீடெல்லாம் அந்த அடைப்புக்குறிக்குள் விழுந்திருக்கிறது. அத்தனை பேரும் பொம்பிளைகள். புருஷனைக் கடல் கொண்டுபோனவர்கள், ஆட்கள் வந்து பிடித்துக்கொண்டு போனவர்கள், கட்டாருக்குப் போனவன் திரும்பிப் பார்க்காதவர்கள்.

பாரம் தருகிறபோது மாமி கேட்டது இப்போதுதான் என் காதில் விழுகிறது. "ஊடு என்ட. உம்மா எனக்குத் தந்த. இதுக்குத் தலைவரெண்டு ஆர எழுதுற?" காணாமல் போன அப்துல் கபூர் மாமாவின் பெயரை எழுதினால் பக்கத்தில் உயிரோடு இருக்கிறாரா என்றும் எழுத வேண்டும். புருஷனின் மையத்தை, அந்த உடம்பைக் கண்ணால் காணாதவ என்ன எழுதுவா? நான் அன்றைக்குச் சரி சரி, வையுங்கள் என்றேன்.

கொழும்புக்காரன் செய்தால் தெரியாமல் செய்தான் என்று விடலாம். நீங்கள் பிறந்தது யாருடைய வீட்டில்? வாப்பா ஒரு சூட்கேசைத் தூக்கிக்கொண்டு உம்மாவின் வீட்டுக்கு வந்தவர்தானே? நீங்கள் போய் இறங்க இருந்த வீட்டையே அழித்துவிட்டு, அரைகுறையாக நிரப்பிக் கொடுத்திருப்பார்கள் என்று எனக்கு எழுதினீர்கள். அதை நம்பி நான் மாமியை ஊர் பார்க்க ஏசினேன்.

எனக்கு வெளியே போக முகமில்லை. என்ன செய்வதென்று சொல்லுங்கள்.

சுஹைனா


தெமட்டகொடை
2006 மே 6

தங்கச்சி,

கோபத்தில் நான்கு பக்கம் எழுதினேன். வாசித்துப் பார்த்துக் கிழித்துவிட்டேன். உன் கோபம்தான் சரி.

மார்ச் மாதம் நீ 214 என்று எழுதியபோதே எனக்குத் தெரியும். அது எந்த வரி என்று எனக்குத் தெரியாதா, நான் எழுதியதுதானே. அங்கே எது வெறுமையாக இருக்கும் என்றும் தெரியும். யார் வெறுமையாக விட்டிருப்பார்கள் என்பதை மட்டும் நினைத்துப் பார்க்காமல் விட்டேன்.

பாரத்தை அமைத்த கூட்டத்தில் நான் இருந்தேன். குடும்பத் தலைவரின் பெயரில்தான் எல்லாம் என்று முடிவு செய்துவிட்டு, "நீங்கள் அந்தப் பக்கத்து ஆள்தானே, இது சரிவருமா?" என்று என்னிடம்தான் கேட்டார்கள். அதற்கு முந்திய வாரம் ஒரு விஷயம் நடந்தது. சாப்பாட்டு மேசையில் என் கலியாணக் கதை வந்து, ஸகியாவின் வீட்டில் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். "அப்ப நீங்க மாப்பிள்ளையா, மருமகளா?" என்று ஒருவர் கேட்க, மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வேண்டுமென்றே பலமாகச் சிரித்தேன். கூட்டத்தில் அந்த மனிதர் எனக்கு எதிரில் இருந்தார். எங்கள் பக்கம் வீடு பொம்பிளைகளுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சரிவரும்" என்றேன்.

இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

புரோகிராமைத் திருத்திப் புதிய சீடி அனுப்புகிறேன். வீட்டு உரிமையாளர் யாரோ அவருடைய பெயரில் ஓடும். சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, விடுபட்ட பெயர்கள் என்று ஒரு லிஸ்ட் எடுத்துக் கொடு. மேசைக் கதையை யாருக்கும் சொல்லாதே. ஸகியாவுக்குச் சொல்லவே சொல்லாதே.

நௌஷாட்


காத்தான்குடி
2006 மே 20

காக்கா,

சீடி கிடைத்தது. தேவைப்படவில்லை, அதற்குள் நானே திருத்திவிட்டேன். இரண்டு நாள் எடுத்தது, முப்பது தரம் சிவப்பெழுத்து வந்தது. ஒவ்வொன்றையும் வாசித்தேன். "சத்தமில்லாமல்" என்ற சொல்லை இனி எனக்கு எழுத வேண்டாம்.

மல்கம் சேரிடம் போய், பிழை எங்களுடையது, பாரத்துடையது இல்லை என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கையெழுத்து என்டதானே பிள்ளை" என்றார். அன்றே இரண்டாவது லிஸ்ட் தலைமை அலுவலகத்துக்குப் போனது. அவர்கள் ஏற்றுக்கொண்டாலும், முதல் லிஸ்டின் வீடுகள் முடிந்த பிறகுதான் இவர்களுக்கு. எப்போது என்று யாருக்கும் தெரியாது. வாகரைப் பக்கம் மறுபடி சண்டை தொடங்கப் போகிறது என்று சனம் கதைக்கிறது.

பின்னேரம் மாமியிடம் போனேன். தகரச் சூட்டுக்குள் மீன் அரிந்துகொண்டு இருந்தா. மன்னித்துக்கொள்ளுங்கள் மாமி என்றேன். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "என்ன ஏசினது ஊர் பாக்க. மன்னிப்பு மட்டும் குசினிக்குள்ளயா புள்ள?"

மறுநாள் காலை வரிசை நிற்கிற நேரம் அலுவலக வாசற்படியில் ஏறி நின்று சொன்னேன். கைறுன்னிஸா மாமி பாரத்தை ஒழுங்காகத்தான் தந்தா, பிழை விட்டது நான், அதை மறைத்ததும் நான், இன்னும் பலருடைய பெயர்களும் அப்படித்தான் போயின என்று சொன்னேன். "அந்த வரிய அப்பவே பாத்திருக்கலாமே" என்றா ஆச்சிப்பிள்ளை அக்கா. மாமி வந்திருந்தா. கேட்டுவிட்டுப் போனா.

உங்கள் கடிதத்தை ஸகியா மச்சியிடம் கொடுத்தேன். வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள், கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தா. பிறகு சொன்னா: "அங்க சிரிச்சத இங்க வந்து என்ட முகத்தப் பாத்துச் சொல்லட்டும். பொறகு கலியாணத்தக் கதைப்பம்."

சுஹைனா


தெமட்டகொடை
2006 ஜூன் 2

சுஹைனா,

நேற்று அதே சாப்பாட்டு மேசையில் சொன்னேன். எங்கள் பக்கம் வீடு மகளுக்கு, மாப்பிள்ளைதான் போய் இருப்பான், அதைச் சொல்ல வெட்கப்பட்டு நான் ஒரு பாரத்தைக் கெடுத்தேன், அதனால் பல பேருக்கு வீடு பிந்திவிட்டது என்றேன். ஒருவர் மட்டும் சிரித்தார். இந்தத் தரம் நான் சேர்ந்து சிரிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். வாசற்படியில் ஏறச் சொன்னாலும் ஏறுவேன், குரல் வருமோ தெரியாது. மாமியிடம் ஒன்று கேட்டு வை. வீடு வரும்வரை தகரக் கொட்டிலுக்குள் ஒரு மாப்பிள்ளையை இறக்க இடமிருக்குமா? மறுத்தால் அது நியாயம் என்றும் சொல்.

நௌஷாட்


ஸகியாவின் வீடு, பூநொச்சிமுனை
2009 ஜூன் 14

தங்கச்சி சுஹைனாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கொழும்பில் புதிய வேலை பிடித்திருக்கிறதென்று எழுதியிருந்தாய். கண்ணாடிக்கு மேலால் யாராவது பார்த்தால் திருப்பிப் பார், கேட்பதைக் கேள்.

இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற புரோஜெக்ட் ஒன்று ஓடவில்லை. எனக்கு ஏனென்று தெரியவில்லை. பிழைச் செய்தியை முழுதாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், ஒரு வரியும் விடவில்லை. பார்த்துச் சொல்.

போன மாதம்தான் கூரை போட்டு முடித்தார்கள். மூன்று மாரி தகரத்துக்குள் இருந்துவிட்டு ஓட்டுக்குக் கீழே படுத்தால் நித்திரை வருகுதில்லை, மழைச் சத்தம் போதாது. யுத்தம் முடிந்தது என்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள். ஆச்சிப்பிள்ளை அக்கா அன்று கதவைத் திறக்கவில்லையாம். அவவின் மனிசனைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. வீடு மட்டும் வந்திருக்கிறது.

நேற்றுப் புதிய பதிவென்று ஒரு உத்தியோகத்தர் வந்தார். பாரத்தை நீட்டினார். முதல் கட்டம், குடும்பத் தலைவர். மாமி பேனாவை என்னிடம் தந்தா. ஸகியா குசினி வாசலுக்கு வந்துவிட்டா. கைறுன்னிஸா என்று எழுதினேன். "ஏன், ஊட்ட ஆம்பிளை இல்லையா?" என்று அவர் கேட்டார். "இரிக்கன். நான் இந்த ஊட்டு மாப்பிள்ளை" என்றேன். அவர் சிரித்தார். உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன், முகம் சுட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் சுட்டது. ஆனால் எழுதியதை வெட்டவில்லை. மாமி பாரத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "உத்தியோகத்தருக்கும் மாப்பிளைக்கும் தேத்தண்ணி ஊத்து மகள்" என்றா.

இன்னொன்று. உன் போன கடிதம் மூன்று நாள் ஊர் சுற்றி வந்தது. உறையில் என் பெயரை மட்டும் எழுதியிருக்கிறாய். தபால்காரருக்கு என்னைத் தெரியாது. இனி ஸகியாவின் வீடு என்று எழுது.

நௌஷாட்